எந்தப் பெட்டியை முதலில் வாங்குவது?

தீபாவளி போனஸ் வந்த அன்று, கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் என் மேசைக்கு வந்தான். "அண்ணா, இந்த இண்டஸ்ட்ரியல், கோத் எல்லாம் கேக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" இண்டஸ்ட்ரியல் என்பது இயந்திர இரைச்சலையும் தாளத்தையும் வைத்துச் செய்யும் இசை, கோத் என்பது இருள் கவிந்த ராக் இசை. கைபேசியில் ஐந்து அட்டைப் படங்களைச் சேமித்து வைத்திருந்தான். மூன்று தொகுப்புப் பெட்டிகள்: வாக்ஸ் ட்ராக்ஸ் என்ற லேபிளின் (இசைத்தட்டு நிறுவனத்தின்) 'பிளாக் பாக்ஸ்', ரைனோ வெளியிட்ட 'எ லைஃப் லெஸ் லிவ்ட்', செர்ரி ரெட் வெளியிட்ட 'சில்லவுட்ஸ் அண்ட் ஸ்டாச்சூஸ்'. இரண்டு ட்ரிப்யூட் ஆல்பங்கள்: டெப்பெஷ் மோட் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாடல்களை மற்றவர்கள் பாடிய 'ஃபார் த மாசஸ்', பௌஹாஸ் என்ற இங்கிலாந்து கோத் குழுவின் பாடல்களை மற்றவர்கள் பாடிய 'த பேஷன் ஆஃப் கவர்ஸ்'.

தொகுப்பையும் ட்ரிப்யூட்டையும் ஒரே தராசில் வைக்காதே என்று அவனிடம் சொன்னேன். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் பிறக்கும் விதம் வேறு. ஒரு தொகுப்பில் பௌஹாஸின் பாட்டு இடம்பெற வேண்டும் என்றால், அந்தப் பதிவு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் தரமாட்டேன் என்றால் அவ்வளவுதான். நாற்பது பாட்டு என்றால் கிட்டத்தட்ட நாற்பது வாசலில் ஏறி இறங்க வேண்டும். கவர் செய்வதற்கு, அதாவது அடுத்தவர் பாட்டை நாம் மறுபடி பாடுவதற்கு, இந்த அலைச்சல் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், மெட்டின் அடிப்படையை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். அனுமதி கேட்க வேண்டாம், முறைப்படி தெரிவித்துவிட்டுச் சட்டம் சொல்லும் தொகையைக் கட்டினால் போதும். 1998-ல் அது 5 நிமிடத்துக்கு மிகாத பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 7.1 சென்ட். 90-களில் ட்ரிப்யூட் ஆல்பங்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரிக் கிளம்பியதற்கு ரசிகர்களின் பக்தி ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

அதனால் தொகுப்பைப் பார்த்தால் "யார் தொகுத்தது, எங்கே நின்றுகொண்டு தொகுத்தது?" என்று கேட்பேன். ட்ரிப்யூட் என்றால் "பாடுகிறவருக்கும் மூலத்துக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பேன். ஆல்பத்தின் புகழோ பாட்டின் எண்ணிக்கையோ எனக்கு அப்புறம்தான்.

முதல் கேள்வி நம்மில் கேசட் காலத்து ஆட்களுக்கு எளிதில் புரியும். ரெக்கார்டிங் கடையில் வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வருவோமே, அந்தப் பட்டியலைப் பார்த்தே கடைக்காரர் ஆளை எடை போட்டுவிடுவார். நாம் எழுதிய பதினாறில் ஒன்று அவரிடம் இல்லையென்றால் அவராக ஒன்றைப் போட்டு நிரப்புவார். பல சமயம் அந்த ஒன்றுதான் கேசட்டிலேயே உருப்படியானதாக இருக்கும்.

பிளாக் பாக்ஸ் அப்படி ஒரு கடைக்காரரின் கேசட். வாக்ஸ் ட்ராக்ஸைத் தொடங்கிய ஜிம் நாஷும் டேனி ஃப்ளெஷரும் வாழ்க்கையிலும் வியாபாரத்திலும் துணைவர்கள். டென்வரில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர்கள், 1978-ல் அதைச் சிகாகோவின் லிங்கன் அவென்யூவுக்குக் கொண்டுவந்தார்கள். கடையில் என்ன விற்கிறது, எதைக் கேட்டுப் பையன்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தே லேபிளையும் ஆரம்பித்தார்கள். 1981-ல் மினிஸ்ட்ரி என்ற சிகாகோக் குழுவின் 'கோல்ட் லைஃப்' வந்தது. அப்புறம் பெல்ஜியத்திலிருந்து ஃப்ரண்ட் 242, ஹாம்பர்க்கிலிருந்து கேஎம்எஃப்டிஎம், லண்டனிலிருந்து காயில் என்று கடல் தாண்டியவற்றையெல்லாம் அமெரிக்காவில் இறக்கினார்கள். பல குழுக்களுடன் எழுத்து ஒப்பந்தமே கிடையாது, கைகுலுக்கல்தான். 1992-ல் லேபிள் திவாலாகி, டிவிடி ரெக்கார்ட்ஸ் (TVT) என்ற நியூயார்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1994-ல் வந்த இந்த 3 சிடி பெட்டியின் துணைத்தலைப்பு 'முதல் 13 ஆண்டுகள்'. ஜிம் நாஷ் மறு வருடமே இறந்துபோனார்.

இதில் ஒரு பாட்டுக்காகவே நான் பெட்டியை வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம். ஹெவி மெட்டல் என்ற கனத்த கிட்டார் இசையின் முன்னோடிகளான பிளாக் சப்பாத்தின் 'சூப்பர்நாட்', 1972-ல் வந்தது. மினிஸ்ட்ரியின் அல் ஜோர்கன்சன் '1000 ஹோமோ டிஜேஸ்' என்ற வேடிக்கைப் பெயரில் அதை இயந்திரத் தாளத்துக்கு மாற்றினார். பாடியவர் நைன் இன்ச் நெயில்ஸின் ட்ரெண்ட் ரெஸ்னர். ஆனால் ரெஸ்னர் அப்போது டிவிடி ரெக்கார்ட்ஸின் ஆள். அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். 1990-ல் தட்டு வெளிவந்தபோது அதில் இருந்தது ஜோர்கன்சனின் குரல். பிறகு காலம் சுற்றிக்கொண்டு வந்து, அதே டிவிடி ரெக்கார்ட்ஸ் வாக்ஸ் ட்ராக்ஸையே விலைக்கு வாங்கியது. தடுத்தவர்களே ரெஸ்னர் பாடிய பதிவை எடுத்துத் தூசு தட்டி இந்தப் பெட்டியில் வைத்தார்கள். சட்ட நுணுக்கம் ஒரு பாட்டை எப்படியெல்லாம் ஆட்டி வைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கதை இல்லை. அதே 1994-ல் வந்த சப்பாத் ட்ரிப்யூட்டான 'நேட்டிவிட்டி இன் பிளாக்'கிலும் இதே குழுவின் 'சூப்பர்நாட்' இருக்கிறது. அங்கே அது மெட்டல் குழுக்களுக்கு நடுவே ஒரு விருந்தாளி மாதிரி இருக்கும். பிளாக் பாக்ஸில் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பெட்டிக்கு ஒரு குறையும் உண்டு. இண்டஸ்ட்ரியல் என்ற சொல்லின் முழு வரலாறும் இதில் இல்லை. 1976-ல் லண்டனில் த்ராபிங் கிரிஸ்டில் என்ற குழுவினர் தங்கள் லேபிளுக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தபோது அவர்கள் மனதில் நடன மேடை இல்லை. இரைச்சல், ஒலிநாடா வெட்டல், கேட்பவரை நெளிய வைப்பது, இதுதான் அவர்கள் வேலை. அந்தப் பூதத்தைப் பிடித்து நாலுக்கு நாலு தாளத்தில் கட்டி ஆட வைத்தவை சிகாகோவும் பெல்ஜியமும். பிளாக் பாக்ஸ் இந்த இரண்டாவது கதை. புதிதாக வருகிறவனுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. த்ராபிங் கிரிஸ்டிலிடம் முதல் நாளே போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

கோத் பக்கம் இரண்டு பெட்டிகள். இவற்றை நேருக்கு நேர் வைக்கலாம்.

ரைனோவின் 'எ லைஃப் லெஸ் லிவ்ட்' 2006-ல் வந்தது. 3 சிடி, 1 டிவிடி. பெட்டியைச் சுற்றிக் கறுப்புத் தோல் மாதிரி ஒரு உறை, அதில் பெண்கள் அணியும் கார்செட் போல் கயிறு கோத்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது ரெக்ஸின். நம் ஊர்க் கடற்காற்றில் ரெக்ஸின் என்ன கதி ஆகும் என்று பழைய ஸ்கூட்டர் சீட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். நண்பர் வீட்டில் பார்த்த பிரதி ஓரத்தில் பொருக்கு விட ஆரம்பித்திருந்தது, கயிற்றை அவிழ்த்துக் கட்டுவதற்குள் காபி ஆறிவிட்டது. உள்ளே இருப்பது பெரிய நிறுவனத்தின் பார்வை: பெயர் தெரிந்தவர்கள், அமெரிக்கக் கல்லூரி வானொலியில் ஓடியவர்கள், கொஞ்சம் பிற்காலத்து வாரிசுகள். பாதை தெரியாதவனுக்கு மோசமான வழிகாட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பாட்டுகள் எங்கேயும் எளிதாகக் கிடைப்பவை. அதற்கு இந்த விலையும், செகண்ட் ஹேண்டில் தேடும் சிரமமும், மேற்கொண்டு சுங்க வரியும் கட்டலாமா என்றால் எனக்கு மனம் வரவில்லை.

'சில்லவுட்ஸ் அண்ட் ஸ்டாச்சூஸ்' 2017-ல் வந்தது. 5 சிடி, 83 பாட்டு, 1978 முதல் 1986 வரை மட்டும். செர்ரி ரெட் லண்டனில் பழைய சின்ன லேபிள்களின் பதிவுகளைத் தேடித் தேடித் தொகுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். கால எல்லையை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததுதான் இதன் பலம். கோத் என்ற பெயர் இன்னும் நிலைக்காத ஆண்டுகள் அவை. பங்க் என்ற முரட்டு ராக் அலை முடிந்து, கையில் மலிவான கிட்டாரும் எக்கோ பெட்டியும் இருந்தவர்கள் இருட்டில் தடவிக்கொண்டிருந்த காலம். ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் வரிசையாக வருகிறார்கள். அந்த 83 பாட்டில் ஒரு இருபது சாதாரணம்தான், மறைக்க மாட்டேன். மூன்றாவது சிடி ஓடும்போது ஒரே குகைக்குள் வெவ்வேறு ஆட்கள் முனகுவது போலக்கூடத் தோன்றும். ஆனாலும் ஒரு ஊரின் எல்லாத் தெருவிலும் நடந்த மாதிரி இருக்கும். ரைனோ பெட்டி கடைத்தெருவை மட்டும் காட்டிக் கூட்டி வந்துவிடுகிறது.

இந்த இரண்டையும்விட ஒரு பழைய, சின்னத் தட்டை எனக்குப் பிடிக்கும். அவன் பட்டியலில் அது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லண்டன் சோஹோவில் 1982 ஜூலையில் பேட்கேவ் என்ற கிளப் திறந்தது. அடுத்த ஆண்டே 'யங் லிம்ப்ஸ் அண்ட் நம் ஹிம்ஸ்' என்று அவர்களே ஒரு தொகுப்பு போட்டார்கள். கிளப்பை நடத்திய ஸ்பெசிமன், அங்கேயே வளர்ந்த ஏலியன் செக்ஸ் ஃபீண்ட் இவர்களோடு, இரும்புத் தகட்டையும் பீப்பாயையும் அடித்து வாசித்த டெஸ்ட் டிபார்ட்மென்டும் அதில் உண்டு. கோத் ஒரு அலமாரி, இண்டஸ்ட்ரியல் ஒரு அலமாரி என்று கடைக்காரர்கள் பிரித்தது பிறகுதான். அன்றைக்கு அந்த மாடியில் இரண்டும் ஒரே இரவில் ஒலித்திருக்கின்றன.

தொகுப்பு வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொரு சமாச்சாரம், எந்தப் பதிவு என்பது. பௌஹாஸின் 'பெலா லுகோசீஸ் டெட்' ஒன்பதரை நிமிடம் ஓடும். ஒரு சிடியில் அடங்குவதே எழுபது, எண்பது நிமிடம் எனும்போது தொகுப்பாளருக்கு அது ஒரு தலைவலி. சிலர் வெட்டிச் சுருக்குவார்கள், சிலர் வேறு பாட்டைப் போடுவார்கள். வெட்டிய வடிவம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டின் உயிரே பாட ஆரம்பிக்கும் முன் வரும் காத்திருப்பில்தான் இருக்கிறது. இதைவிட மோசம், அதே குழு இருபது வருடம் கழித்து மறுபடி பாடியதைப் பழைய பதிவு போல் உள்ளே நுழைப்பது. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாருங்கள்.

பொடி எழுத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு கடையில், மிகப் பிடித்த குழுவின் பெயர் அட்டையில் பெரிதாக மின்னியது. ஆஹா, நாம் பார்க்காத ஆல்பம் என்று வாங்கி வந்து வீட்டில் போட்டால் வேறு யாரோ பாடுகிறார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், அந்தப் பெயருக்கு மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி மூன்று சொற்கள்: 'எ ட்ரிப்யூட் டு'. அன்றிலிருந்து ட்ரிப்யூட் என்றாலே எனக்குக் கொஞ்சம் கசப்பு. அதையும் தாண்டித்தான் இதை எழுதுகிறேன்.

பௌஹாஸுக்குச் செய்த 'த பேஷன் ஆஃப் கவர்ஸ்' 1996-ல் கிளியோபாட்ரா ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. 1992-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய இந்த லேபிள், கோத் இசை யாரும் சீந்தாமல் கிடந்த காலத்தில் அதற்குச் சோறு போட்டது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ட்ரிப்யூட்களை அவர்கள் சுட்டுத் தள்ளிய வேகம் கொஞ்சம் அதிகம். பிங்க் ஃப்ளாய்டுக்கு ஒன்று, ஏசி/டிசிக்கு ஒன்று, மடோனாவுக்கும் ஒன்று. பௌஹாஸ் ஆல்பத்தில் எனக்கு உள்ள சிக்கல் தூரம் போதாததுதான். பௌஹாஸைக் கேட்டு வளர்ந்த கோத் குழுக்கள் பௌஹாஸைப் பாடுகின்றன. அதே அடித்தொண்டைக் குரல், அதே கிட்டார் கீறல். மெல்லிசைக் கச்சேரியில் "அச்சு அசல் அப்படியே இருக்கு" என்று கைதட்டுவோம், கல்யாண வீட்டுக்கு அது சரி. காசு கொடுத்து வாங்கும் ஆல்பத்தில் அப்படியே இருந்தால், அசலைக் கேட்டுவிட்டுப் போகலாமே.

இங்கே ஒரு முரண் உண்டு. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் பௌஹாஸை மிக மேலே கொண்டுபோன சிங்கிளே (ஒற்றைப் பாட்டுத் தட்டு) ஒரு கவர்தான். 1982-ல் டேவிட் போவியின் 'ஸிகி ஸ்டார்டஸ்ட்'டை அவர்கள் அச்சு அசலாகப் பாடினார்கள். அது 15-ஆம் இடம் வரை போனது. போவியைக் காப்பியடிக்கிறார்கள் என்று திட்டிய விமர்சகர்களிடம் "ஆமாம், இந்தாங்க" என்று நீட்டிய மாதிரி இருந்தது அது. அங்கே நெருக்கமே குறும்பு. ட்ரிப்யூட்டில் அந்தக் குறும்பு இல்லை, பயபக்தி மட்டும்தான்.

'ஃபார் த மாசஸ்' 1998. 16 பாட்டு, 16 குழு. டெப்பெஷ் மோட் தன் முதல் பாட்டை வெளியிட்டதே 'சம் பிசார் ஆல்பம்' என்ற 1981 தொகுப்பில்தான், யாரென்றே தெரியாத பையன்களாக. பதினேழு வருடத்தில் அவர்கள் தொகுப்பிலிருந்து ட்ரிப்யூட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். இந்த ஆல்பத்தில் தூரம் நன்றாக வேலை செய்கிறது. ஜெர்மானிய ராம்ஸ்டைன் பாடிய 'ஸ்ட்ரிப்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ன் மூலத்தில் தாளத்துக்கு அடியில் உறுமுவது ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின், வேகம் குறைத்துப் பதிந்தது. கார் ஸ்டார்ட் ஆகும் சத்தமும் உண்டு. அதாவது நளினமான சின்தசைசர் பாட்டுக்குள் ஏற்கெனவே ஒரு மெக்கானிக் ஷெட் ஒளிந்திருந்தது. ராம்ஸ்டைன் செய்ததெல்லாம் ஷட்டரைத் தூக்கியதுதான். பல்லவியில் 'எலும்பு வரை' என்று மூலத்தில் வரும் பாதி வரியையும் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியதில் கெஞ்சல் போய்க் கட்டளை வந்துவிட்டது. வீடியோவுக்கு லெனி ரீஃபன்ஸ்டாலின் நாஜி காலத்து ஒலிம்பிக் படக் காட்சிகளை எடுத்துப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

அதே ஆல்பத்தில் தி க்யூர் பாடிய 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பரவாயில்லை ரகம். டெஃப்டோன்ஸ் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஸ்மாஷிங் பம்கின்ஸ் பாடியது 1994-லேயே ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்ததுதான், ஆனாலும் ஆல்பத்தைத் திறந்துவைக்கப் பொருத்தமானது. மீதியில் நாலைந்து, 98-ஆம் வருடத்துச் சட்டை மாதிரி, இன்று போட முடியாது.

தூரம் என்றால் வேகத்திலும் இருக்கலாம். 1995-ல் ஜாய் டிவிஷன் என்ற பழைய இங்கிலாந்துக் குழுவுக்கு வந்த 'எ மீன்ஸ் டு அன் எண்ட்' ட்ரிப்யூட்டில், மினசோட்டாவின் லோ என்ற குழு 'ட்ரான்ஸ்மிஷன்' பாடியது. மூலம் படபடத்துக்கொண்டு கதறலில் முடியும். லோ அதை எறும்பு வேகத்தில், கிட்டத்தட்டக் கோயில் பாட்டு மாதிரிப் பாடினார்கள். அந்தப் பதற்றம் அப்படியே இருக்கிறது, ஆனால் அசையாமல் இருக்கிறது. மறுபக்கம், இயந்திரத் தாளத்தை மட்டும் ஒட்டவைத்து 'இண்டஸ்ட்ரியல் ட்ரிப்யூட்' என்று விற்றவை ஏராளம். ட்ரம்ஸ்காரரை அனுப்பிவிட்டு மெஷினை உட்கார வைத்தால் மட்டும் தூரம் வந்துவிடாது. இதில் எனக்குச் சிரிப்பு வரவழைத்த விதிவிலக்கு, 1996-ல் ரீ-கன்ஸ்ட்ரிக்ஷன் லேபிள் போட்ட 'ஆபரேஷன் பீட்பாக்ஸ்'. இண்டஸ்ட்ரியல் குழுக்கள் ராப் பாட்டுகளைப் பாடுகின்றன. அபத்தம்தான், ஆனால் கேட்கலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பியிடம் என் முடிவையும் சொன்னேன். இரண்டு ட்ரிப்யூட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. மூலம் தெரியாமல் கவர் கேட்பது, முதல் பாகம் பார்க்காமல் இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி. 'ஃபார் த மாசஸ்' ஒரு வருடம் கழித்து வாங்கு. ஆடத் தோன்றும் ஆள் என்றால் பிளாக் பாக்ஸ். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கும் ஆள் என்றால் செர்ரி ரெட். ரைனோ பெட்டி யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள், பீரோவுக்குள் பத்திரமாக வை.

பையன் தலையாட்டினான். அப்புறம் விலையைப் பார்த்தான், மூன்று சிடி பெட்டிக்கு அனுப்பும் கூலியையும் பார்த்தான். "இதுல பாதி விலைக்கு ஒண்ணும் இல்லியாண்ணா?"

இருக்கிறது. 'த க்ரோ' என்ற 1994 படத்தின் இசை ஆல்பம். அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது, அதனால் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். 14 பாட்டு. தி க்யூர் இந்தப் படத்துக்கென்றே எழுதிய 'பர்ன்', வாக்ஸ் ட்ராக்ஸில் வளர்ந்த த்ரில் கில் கல்ட், நைன் இன்ச் நெயில்ஸ், நடுவே கொஞ்சம் மெட்டல். கோத், இண்டஸ்ட்ரியல் இரண்டும் ஒரே மாடியில் ஒலித்த பேட்கேவ் காலத்துக் கலவை, ஹாலிவுட் காசில். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஒரு ஆல்பம்தான் என்றால் எனக்கு இதில் வெட்கம் இல்லை.

அதையே வாங்கினான். மூன்று வாரம் கழித்து மதியச் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, அதுல நைன் இன்ச் நெயில்ஸ் பாடற 'டெட் சோல்ஸ்' அவங்க பாட்டு இல்லியாமே?" இல்லை, ஜாய் டிவிஷனுடையது. 1980 மார்ச்சில் ஃபிரான்ஸில் வெறும் 1578 பிரதிகளோடு வந்த ஒரு சின்னத் தட்டில் இருந்தது. இரண்டு மாதத்தில் பாடகர் இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். மறு வருடம் 'ஸ்டில்' என்ற தொகுப்பில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் பதின்மூன்று வருடம் கழித்து இந்தப் படத்தில் ரெஸ்னர் பாடித்தான் அது ஊருக்கெல்லாம் போனது. மூலத்தைக் கேட்காமல் கவர் கேட்காதே என்று அவ்வளவு நேரம் பிரசங்கம் செய்தவன் நான். அவன் கவரிலிருந்து நடந்து மூலத்துக்கு வந்து நிற்கிறான்.

கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு காதில் மாட்டிக்கொண்டு தயிர்சாதம் பிசைந்தபடி கேட்டான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான்.

"இன்னும் பாடவே ஆரம்பிக்கலையே அண்ணா?"

"இரு, வருவார்."